ஆசிரியருக்கு எத்தனை ஆண்டுப் பயிற்சி?

மருத்துவம் பயில்வோர் நான்கரை ஆண்டுகள் கல்லூரியில் கற்கின்றனர். அதன்பின் ஓராண்டு மூத்த மருத்துவர்களின் கண்காணிப்பில் நோயாளிகளிடையே பணி புரிகின்றனர். அதற்குப் பின்னரே தனித்து நின்று மருத்துவம் செய்யும் உரிமை அவர்களுக்குக் கிடைக்கிறது. தச்சுத் தொழிலுக்கு வரும் சிறுவனும் முதல் நாளே கதவு செய்யப் புகுவதில்லை. உளி தீட்டவும் மரத்தின் தன்மை அறியவும் கற்ற பிறகே ஆசாரி அவன் கையில் நல்ல பலகையைக் கொடுக்கிறார். அவ்வாறாயின், நாற்பது குழந்தைகளின் அறிவுக்கும் மனத்துக்கும் பொறுப்பேற்க வரும் ஆசிரியர், வகுப்பறைக்குள் அடியெடுத்து வைக்குமுன் எத்தனை காலம் பயிற்சி பெற்றிருக்க வேண்டும்?

இக்கேள்விக்கு நம் நாட்டில் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக விடை தேடி வருகிறார்கள். ஓராண்டு போதும் என்றார்கள். ஈராண்டு வேண்டும் என்றார்கள். மூன்றாண்டு, நான்காண்டு, ஐந்தாண்டு என்றும் சொன்னவர்கள் உண்டு. அவ்விடைகள் எந்தெந்தச் சூழ்நிலையில் பிறந்தன, அவற்றுக்கு நேர்ந்த கதி என்ன என்பதை வரலாற்று முறையில் நோக்குவது இன்றைக்கும் பயன் தருவதாகும்.

நம் பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் ஆசிரியப் பயிற்சி என்ற பெயரே கிடையாது. ஆனால் பயிற்சியே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. மாணவர்களுள் மூத்தவனும் கெட்டிக்காரனுமாகிய ஒருவன் சட்டாம்பிள்ளையாக அமர்த்தப்படுவான். சிறுவர்களுக்கு மணலில் எழுத்துப் பழக்குவதும், பாடம் ஒப்புவிக்கச் செய்வதும், வராத பிள்ளையை வீட்டிலிருந்து அழைத்து வருவதும் அவன் வேலை. ஆசிரியரின் கண்ணெதிரே கற்பித்துக் கற்பித்தே அவன் கற்பிக்கப் பழகினான்.

இம்முறையை ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் கண்டார். அவர் பெயர் ஆண்ட்ரூ பெல். 1789-ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைச் சிறுவர் விடுதியின் கண்காணிப்பாளராக அவர் பொறுப்பேற்றார். அருகிலிருந்த ஒரு பள்ளியில் பிள்ளைகள் விரலால் மணலில் எழுதிப் பழகுவதை அவர் பார்க்க நேர்ந்தது. தம் விடுதியிலும் அவ்வாறே செய்விக்க விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர்கள் அதற்கு இணங்கவில்லை. உடனே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து, சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்குமாறு பணித்தார். அம்முயற்சி வெற்றி பெற்றது. 1797-இல் இலண்டனில் அவர் வெளியிட்ட சிறுநூல் வாயிலாக இம்முறை இங்கிலாந்தில் பரவிற்று. ஜோசப் லங்காஸ்டர் என்பாரும் இதனையொத்த முறையைப் பரப்பினார். ஒரே ஆசிரியர் சட்டாம்பிள்ளைகளின் துணைகொண்டு நூற்றுக்கணக்கான மாணவர்களை நடத்தலாம் என்றால், செலவு எவ்வளவு குறைவு! ‘சென்னை முறை’ என்ற பெயரோடு அது உலகைச் சுற்றியதில் வியப்பில்லை.

இந்நிகழ்ச்சியில் ஒரு நன்மையும் ஒரு தீமையும் கலந்திருந்தன. மூத்தவர் ஒருவரின் அருகிலிருந்து, உண்மையான குழந்தைகளுக்குக் கற்பித்தே கற்பிக்கப் பழகலாம் என்பது நன்மை. கற்பிப்பதற்குத் தனியே ஆயத்தம் எதுவும் வேண்டுவதில்லை, எட்டு வயதுச் சிறுவனே போதும் என்ற எண்ணம் வேரூன்றியது தீமை. பின்னர் வந்த வரலாறு முழுவதிலும் இவ்விரண்டு இழைகளும் பின்னிக் கிடப்பதைக் காணலாம்.

அடுத்து வருபவர் சென்னை கவர்னர் சர் தாமஸ் மன்றோ. மாகாணத்தில் கல்வியின் நிலை யாது என 1822-இல் அவர் விசாரிக்கச் செய்தார். 12,498 பள்ளிகள் இருப்பதாகக் கணக்கு வந்தது. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. எனினும் கல்வியின் தரம் தாழ்ந்திருந்ததற்குக் காரணத்தை 1826-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்து அறிக்கையில் அவர் எடுத்துரைத்தார். ஆசிரியருக்கு மாதம் ஆறு அல்லது ஏழு ரூபாய்க்கு மேல் வருவாய் இல்லை. அவ்வருவாய்க்குத் தகுதியுள்ளவர் எவரும் வரமாட்டார் என்பது அவர் கருத்து. ஆகவே ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கச் சென்னையில் ஒரு பள்ளி நிறுவுவதும், கலெக்டர் ஆட்சிக்குட்பட்ட ஒவ்வொரு பகுதியிலும் தாசிலிலும் பள்ளிகள் தொடங்கி முறையே 15 ரூபாயும் 9 ரூபாயும் ஊதியம் அளிப்பதும் அவர் திட்டமாயின. 1827-இல் மன்றோ காலமானார். அவருக்குப்பின் அத்திட்டம் தளர்ந்தது. 1836-இல் தாசில் பள்ளிகள் கைவிடப்பட்டன. பயிற்சியையும் ஊதியத்தையும் ஒன்றாக வைத்து எண்ணிய அவர் பார்வை மட்டும் நாம் மறக்கத்தக்கதன்று.

இதற்கிடையே இங்கிலாந்தில் சட்டாம்பிள்ளை முறையின் குறைகள் வெளிப்பட்டன. 1846-இல் அந்நாட்டில் மாணவ-ஆசிரியர் முறை என்ற புதிய ஏற்பாடு வந்தது. பதின்மூன்று வயதில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, தலைமையாசிரியரின் கீழ் ஐந்தாண்டுகள் தொழில் பழகச் செய்து, உதவிப் பணமும் கொடுத்து, பின்னர் பயிற்சிக் கல்லூரிக்கு அனுப்பினர். சார்லஸ் வுட் என்பாரின் பெயரால் வழங்கும் 1854-ஆம் ஆண்டுக் கல்விச் சாசனம், இம்முறையை இந்தியாவிலும் பின்பற்றுமாறு அறிவுறுத்தியது. ஒவ்வொரு மாகாணத்திலும் பயிற்சிப் பள்ளிகள் வேண்டும், பயில்வோருக்கு உதவித்தொகை வேண்டும், பயின்றோர்க்குச் சான்றிதழும் போதிய சம்பளமும் வேண்டும் என்பவை அதன் கட்டளைகள். அதன் பயனாக 1856-இல் சென்னை வேப்பேரியில் அரசினர் நார்மல் பள்ளி தோன்றியது. பின்னர்ச் சைதாப்பேட்டைக்கு இடம் மாறி, சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி என்று தென்னாடு முழுதும் புகழ்பெற்றது அதுவே.

ஆனால் நாடெங்கும் வளர்ச்சி மெதுவாகவே இருந்தது. 1882-இல் ஹண்டர் தலைமையில் கல்விக் கமிஷன் அமர்ந்தபோது, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்க்கெனச் சென்னையிலும் இலாகூரிலும் மட்டுமே பயிற்சி நிலையங்கள் இருந்தன. பயிற்சியின் காலம் பற்றி அக்கமிஷன் கூறிய ஒரு கருத்து நெடுங்காலம் நிலைத்துவிட்டது. பட்டதாரிகள் பயிற்சிக்கு வந்தால், மற்றவர்களைவிடக் குறுகிய காலமே அவர்கள் பயில வேண்டும் என்பது அது. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இது நியாயமே. பாடத்தை அறிந்தவருக்கு மீண்டும் பாடம் நடத்துவானேன்? எனினும் இதில் ஒரு மயக்கம் உண்டு. கணக்கு அறிவது ஒன்று. கணக்கு வராத குழந்தைக்கு அது ஏன் வரவில்லை என்று அறிவது மற்றொன்று. முன்னது மிகுந்திருப்பதால் பின்னதற்குரிய காலத்தைக் குறைக்கலாம் என்பது எப்படிப் பொருந்தும்?

கர்சன் பிரபுவின் காலத்தில், 1904-ஆம் ஆண்டுத் தீர்மானம் இதனை வரையறுத்தே விட்டது. பட்டதாரிகளுக்கு ஓராண்டு, மற்றவர்களுக்கு ஈராண்டு என்பது விதியாயிற்று. பயிற்சிக் கல்லூரியோடு இணைந்து மாதிரிப் பள்ளி ஒன்று இருக்க வேண்டும், கொள்கையும் செயலும் பிரியலாகாது என்றும் அத்தீர்மானம் நல்லுரை கூறியது. 1913-ஆம் ஆண்டுத் தீர்மானம், சான்றிதழ் பெறாத எவரையும் கற்பிக்க விடலாகாது என்று ஒரு படி மேலே சென்றது. தொடக்கப்பள்ளி ஆசிரியர் நடுநிலைத் தேர்வில் தேறி ஓராண்டுப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அவருக்கு மாதம் 12 ரூபாய்க்குக் குறையாத ஊதியம் வேண்டும். ஓர் ஆசிரியரிடம் ஐம்பது பிள்ளைகளுக்கு மேல் இருத்தல் கூடாது என்றெல்லாம் அது வகுத்தது. வகுத்தவை பலவும் ஏட்டளவில் நின்றன. பட்டதாரிக்கு ஓராண்டு என்ற விதி மட்டும் எல்.டி., பி.டி., பி.எட். எனப் பட்டத்தின் பெயர் மாறியபோதும் மாறாமல், 2015 வரை பெரும்பாலும் 111 ஆண்டுகள் நிலைத்தது.

அந்த ஓராண்டை நீட்டிக்க முயன்றவர்கள் இல்லாமல் போகவில்லை. 1937-இல் காந்தியடிகளின் ஆதாரக் கல்வித் திட்டத்தை விரித்தெழுத டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையில் வார்தாவில் ஒரு குழு அமைந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆரியநாயகம் அதன் அமைப்பாளர். தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா அதன் உறுப்பினருள் ஒருவர். ஆதாரப் பள்ளி ஆசிரியர் நூற்பும் உழவும் போன்ற ஒரு தொழிலை அறிந்து, அதன் வாயிலாகவே பாடங்களைப் புகட்ட வேண்டும். ஆதலின் மூன்றாண்டுப் பயிற்சி வேண்டும் என்று குழு கருதியது. ஆனால் உடனடியாகப் பள்ளிகளைத் தொடங்க வேண்டுமே! அதற்காக ஓராண்டுக் குறுகிய பயிற்சி ஒன்றையும் சேர்த்து வகுத்தது. நெடும்பயிற்சி இலட்சியம், குறும்பயிற்சி தற்காலிகம். இப்படி இரண்டையும் ஒருங்கே சொல்லும் வழக்கத்தை இனிமேல் அடிக்கடி சந்திப்போம்.

1944-ஆம் ஆண்டுச் சார்ஜெண்ட் அறிக்கை நாற்பதாண்டுகளில் நிறைவேற வேண்டிய பெருந்திட்டம். இளையோர் ஆதாரப் பள்ளி ஆசிரியருக்கு ஈராண்டு, மூத்தோர் ஆதாரப் பள்ளி ஆசிரியருக்கு மூன்றாண்டு, பட்டதாரிகளுக்கு ஓராண்டு என்று அது பகுத்தது. அதற்கு வேண்டிய ஆசிரியர் தொகையோ இருபது இலட்சத்துக்கும் மேல்! இவ்வளவு பெருந்தொகையினரை எங்கிருந்து கொணர்வது என்ற மலைப்பு, பயிற்சிக் காலத்தைப் பற்றிய எல்லா ஆலோசனையையும் அழுத்தி நின்றது.

விடுதலைக்குப்பின் அமைந்த முதற் பெருங்குழு, டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49-இல் பணிபுரிந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு. அவரே சைதாப்பேட்டையில் பயிற்சி பெற்றவர். 1909-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவம் கற்பிக்க அமர்ந்தவரை மறு ஆண்டு எல்.டி. பயிற்சிக்கு அனுப்பினார்கள். உளநூலில் அவருக்கிருந்த புலமை காரணமாக, உடன்பயில்வோர்க்கு அவரே சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அவை 1912-இல் நூலாயின. இத்தகைய அறிஞர் தலைமை தாங்கிய குழு, பயிற்சிக் கல்லூரிகளில் ஏட்டறிவுக்குத் தரப்பட்ட இடத்தைக் குறைத்துச் செயல்முறைக்குக் கூடுதல் இடம் தர வேண்டும் என்று கூறியது. ஓராண்டில் குறைந்தது 12 வாரங்களாவது பள்ளியில், மேற்பார்வையின் கீழ், கற்பித்துப் பழக வேண்டும் என்பது அதன் கருத்து. எத்தனை ஆண்டு என்ற கேள்வியை, எத்தனை வாரம் குழந்தைகளோடு என்ற கேள்வியாக அது மாற்றியது.

1952-53-இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழுவின் தலைவர் டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். மகப்பேற்று மருத்துவத்தில் வல்லுநர். தொழில் பழகுவதற்குக் காலம் எவ்வளவு இன்றியமையாதது என்பதை மருத்துவர் ஒருவருக்கு யாரும் சொல்ல வேண்டுவதில்லை. பள்ளியிறுதி தேறியவர்க்கு ஈராண்டுப் பயிற்சி. பட்டதாரிகளுக்கு இப்போதைக்கு ஓராண்டு, ஆனால் நாளடைவில் அதனை ஈராண்டாக உயர்த்த வேண்டும் என்று அவர் குழு பரிந்துரைத்தது. பயிற்சிக்குக் கட்டணம் கூடாது, உதவித்தொகை வேண்டும், பணியிலிருந்து வருவோர்க்கு முழுச் சம்பளமும் வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னது. அந்த ‘நாளடைவு’ வந்து சேர 62 ஆண்டுகள் பிடித்தன.

1966-இல் வெளிவந்த கோத்தாரிக் குழு அறிக்கையும் ஓராண்டை மாற்றவில்லை. ஆண்டின் வேலை நாட்களை 230 ஆக உயர்த்துமாறு மட்டும் கூறியது. இதற்குக் காரணம் உண்டு. கல்வியாண்டு ஒன்றில் சேர்க்கைக் காலம், விடுமுறை, தேர்வு, தேர்வுக்கான ஆயத்தம் யாவற்றையும் கழித்துப் பார்த்தால் எஞ்சுவது சில திங்களே. பெயர் ஓராண்டு; பொருள் அதனினும் குறைவு.

இக்காலத்திலேயே இரண்டு எதிரெதிரான முயற்சிகள் நடந்தன. 1963 முதல் மைசூர், அஜ்மீர், புவனேசுவரம், போபால் ஆகிய நான்கு இடங்களில் மண்டலக் கல்விக் கல்லூரிகள் தோன்றின. பாடமும் போதனாமுறையும் இணைந்த நான்காண்டுப் படிப்பை அவை நடத்தின. அதே ஆண்டுகளில், பயிற்சி பெறாது பணியிலிருந்த பல்லாயிரம் ஆசிரியர்களுக்காக அஞ்சல்வழிப் பயிற்சியும் தொடங்கிற்று. ஒரு கை காலத்தை நீட்ட, மற்றொரு கை சுருக்கிற்று. 1983 முதல் 1985 வரை பணிபுரிந்த சட்டோபாத்தியாயா குழு, பன்னிரண்டாம் வகுப்புக்குப்பின் ஐந்தாண்டு வேண்டும் என்று வாதிட்டது. 1994-இல் தில்லிப் பல்கலைக்கழகம் தொடக்கக் கல்விக்கென்றே நான்காண்டுப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. சிறு குழந்தைக்குக் கற்பிக்கச் சிறு பயிற்சி போதும் என்ற பழைய எண்ணத்தை அது மறுத்தது.

குறுகிய பயிற்சியின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. 1987-இல் இராசத்தானத்தில் சிக்ஷா கர்மித் திட்டம் தொடங்கப்பட்டது. பயிற்சி பெற்ற ஆசிரியர் எவரும் போய்த் தங்காத குக்கிராமங்கள் அங்கு இருந்தன. பள்ளிகள் பெயரளவில் இருந்து பூட்டிக் கிடந்தன. அவ்வூரிலேயே எட்டாம் வகுப்புவரை படித்த இளைஞரையும், ஐந்தாம் வகுப்புவரை படித்த பெண்களையும் தேர்ந்தெடுத்து, சில வாரப் பயிற்சி கொடுத்துப் பள்ளியைத் திறந்தார்கள். அத்தோடு விட்டுவிடவில்லை, ஆண்டுதோறும் திரும்பத் திரும்பப் பயிற்சி அளித்தார்கள். பூட்டிய பள்ளியைவிட இது எத்தனையோ மேல். நீண்ட பயிற்சிக்கு ஆகும் செலவும் காலமும் ஏழை வீட்டுப் பிள்ளைகளை, சிறப்பாகப் பெண்களை, ஆசிரியத் தொழிலுக்கு வெளியே நிறுத்திவிடக் கூடும் என்பதும் எண்ணத்தக்கது. 1854-இலும் 1953-இலும் பயிற்சிக் காலத்தோடு உதவித்தொகையையும் சேர்த்துச் சொன்னவர்கள் இதனை அறிந்தே சொன்னார்கள்.

ஆயினும் அவசரத்துக்குச் செய்தது வழக்கமாகிவிடுவதே நம் வரலாற்றின் துயரம். எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி உரிமை வழங்கும் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, பயிற்சி பெறாத ஆசிரியர் அனைவரும் ஐந்தாண்டுக்குள் தகுதி பெற வேண்டும் என்று கெடு விதித்தது. அக்கெடு கடந்தது. 2017-இல் சட்டத்தைத் திருத்தி, 2019 மார்ச்சு வரை காலம் நீட்டித்தார்கள். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பதினெட்டு மாதத் தொலைநிலைப் பயிற்சியில் சேர்ந்தனர். சான்றிதழ் இன்றிக் கற்பிக்கலாகாது என்று 1913-இல் எழுதப்பட்டதை நினைவிற் கொள்க. நூறாண்டுக்குப் பின்னும் அத்தனை பேர் பயிற்சியின்றி வகுப்பறையில் இருந்தனர்.

உச்சநீதிமன்றம் அமைத்த நீதிபதி வர்மா குழு 2012-இல் அறிக்கை தந்தது. அதன் பயனாக 2014-ஆம் ஆண்டு விதிகளின்படி, 2015-16 கல்வியாண்டு முதல் பி.எட். படிப்பு ஈராண்டாயிற்று, இருபது வாரம் பள்ளியில் பணிப்பயிற்சி என்றும் விதியாயிற்று. முதலியார் குழுவின் கனவு ஏட்டில் நிறைவேறியது. ஆனால் அதே வர்மா குழு வேறொன்றும் கண்டது. தனித்து இயங்கும் ஆசிரியப் பயிற்சி நிலையங்களுள் பெரும்பாலானவை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை, உண்மையாகப் பயிற்சி அளிக்க முயலாமல் பட்டத்தை விலைக்கு விற்கின்றன என்ற செய்தியை 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையே எடுத்துரைக்கிறது. அத்தகைய இடத்தில் ஓராண்டை ஈராண்டாக்கினால் இருமடங்காவது கட்டணமே ஒழியப் பயிற்சியன்று.

அக்கல்விக் கொள்கை, 2030-க்குள் நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பே ஆசிரியர்க்குரிய குறைந்த தகுதியாக வேண்டும் என்கிறது. வேறு பட்டம் பெற்றவர்க்கு ஈராண்டு. நான்காண்டுப் பட்டமோ முதுகலைப் பட்டமோ பெற்றவர்க்கு ஓராண்டு. ஹண்டர் குழுவின் குரல் இங்கும் மெல்லக் கேட்கிறது அன்றோ? 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம், பி.எட். பட்டம் தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்குரிய தகுதியாகாது என்று தீர்ப்பளித்தது. பட்டத்தின் உயரத்தைவிட, கற்பிக்கப்போகும் குழந்தைகளுக்கு ஏற்ற பயிற்சியா என்பதே முக்கியம் என்பது அத்தீர்ப்பால் விளங்குகிறது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? பயிற்சியின் காலத்தை நிர்ணயித்தது பெரும்பாலும் ஆசிரியத் தொழிலின் இயல்பன்று. எத்தனை ஆசிரியர் உடனே தேவை, கருவூலத்தில் எவ்வளவு பணம் உள்ளது என்பவையே. அறிஞர் குழுக்கள் ஒவ்வொன்றும் நீண்ட காலத்தை இலட்சியமாகவும் குறுகிய காலத்தைத் தற்காலிகமாகவும் எழுதின. தற்காலிகம் நிலைத்தது; இலட்சியம் காத்திருந்தது.

ஆண்டுக் கணக்கு மட்டும் போதாது என்பதும் தெளிவு. பட்டதாரிக்கு ஈராண்டு என்பது மிகையன்று. ஆனால் அதில் ஒரு பெரும்பகுதி பள்ளியில், உண்மையான குழந்தைகளின் முன்னே, குறை கண்டு திருத்தும் மூத்த ஆசிரியர் ஒருவரின் அருகே கழிய வேண்டும். பணியேற்ற முதலாண்டிலும் அத்தகைய துணை தொடர வேண்டும். பயிற்சிக் காலத்தில் வீட்டில் அடுப்பெரிய உதவித்தொகையும் வேண்டும். இவை இன்றி நான்காண்டும் வீண்; இவை இருப்பின் ஈராண்டும் நிறைவானதே. திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளைக்கு நூலறிவு குறைவு. எனினும் அவனுக்கு அருகில் ஓர் ஆசிரியர் இருந்தார். நம் பயிற்சிக் கல்லூரிகளில் நூலறிவு உண்டு; அந்த அருகிருப்பு வேண்டும்.

பயிற்சி குறைந்த ஆசிரியர் ஐந்தாறு ஆண்டுகளில் தாமே தேறிவிடுவார் என்று ஆறுதல் சொல்வோர் உண்டு. ஆசிரியர் தேறலாம். அந்த ஐந்தாறு ஆண்டுகளில் அவர் முன் அமர்ந்திருந்த குழந்தைகளுக்கோ மூன்றாம் வகுப்பு ஒருமுறைதான் வரும். பயிற்சிக் காலத்தைக் குறைத்து அரசு மிச்சப்படுத்தும் பணத்தை அவர்களே செலுத்துகிறார்கள். எத்தனை ஆண்டு வேண்டும் என்று இனி ஒரு குழு கூடி ஆராயும்போது, அக்குழந்தைகளின் கணக்கையும் எடுத்துப் பார்ப்பது கடமையாகும்.